பாய் விரித்தால் ஓடுகிறது, எஞ்சின் போட்டால் ஓடவில்லை

"மாமா, ஒரு எஞ்சின் சமாசாரம். ரயில் எஞ்சின் இல்லை, படகு எஞ்சின்" என்று என் தங்கை மகன் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டான். அவனும் மூன்று நண்பர்களும் சேர்ந்து இருபத்தெட்டு அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே கட்டி வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் படகு கரையில் இருக்கும்; அக்டோபரில் தண்ணீரில் இறக்குவார்கள். அப்போது எஞ்சினில் ஆறு நாட் வேகம் போனது, இப்போது மூன்றைத் தாண்டவில்லை. பார்க்க வந்த மெக்கானிக், எஞ்சின் தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். விலையைக் கேட்டு நாலு பேருக்கும் தூக்கம் போய்விட்டது.

பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. அதற்கு முந்தைய வாரம் மாண்ட்வாவிலிருந்து திரும்பும்போது காற்று செத்துவிட்டது. கடல் வற்றும் நேரம்; நீரோட்டம் எதிரே. மும்பைத் துறைமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இந்த ஓட்டமே இரண்டு, மூன்று நாட் இருக்கும். மூன்று நாட் படகு அதை எதிர்த்து எங்கே போவது? பெரிய கப்பல்கள் வரும் பாதையின் நடுவே, இருட்டுகிற நேரத்தில், ஒரு மணி நேரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். இதை அவன் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் வேலை பார்த்ததெல்லாம் தண்டவாளத்தின் மேல். குடியிருக்கும் அம்பர்நாத்திலோ கடல் கிடையாது. ஆனாலும் டீசல் எஞ்சின் எங்கே இருந்தாலும் டீசல் எஞ்சின்தான். எனவே முதலில், "புகை என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"கறுப்பு, மாமா."

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, எஞ்சின் தேய்ந்திருக்கலாம். கறுப்புப் புகை வேறு. டீசல் போதுமான அளவு வருகிறது. ஆனால் காற்று போதவில்லை, அல்லது இழுக்க முடியாத பளுவை எஞ்சின் இழுக்கிறது. காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன்; சுத்தமாக இருந்தது. கியர் போடாமல் முடுக்கினால் எஞ்சின் முழுச் சுற்றுக்குப் போகிறது. கியர் போட்டால் முன்பு 2800 சுற்று ஓடியது 2200-லேயே திணறுகிறது. அப்படியானால் பளு எங்கிருந்து வந்தது? படகில் ஏறுவது அதே நாலு பேர்தான்.

ரயில்வேயில் இதற்கு பிரேக் பைண்டிங் என்று பெயர். எஞ்சின் நன்றாக இருக்கும், வண்டியும் அதே வண்டிதான். நடுவில் ஏதோ ஒரு பெட்டியில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். டிரைவர் எஞ்சினைத் திட்டிக்கொண்டே வருவார். கீழே இறங்கி ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் எது சுடுகிறது என்று தெரியும்.

அடுத்த கேள்வி: "பாயில் எப்படிப் போகிறது?"

"பழையபடிதான். பக்கத்துப் படகுக்குச் சமமாகத்தான் வருகிறது."

விஷயம் இங்கேதான் இருக்கிறது. படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருந்தால் பாயிலும் வேகம் குறைய வேண்டும். தண்ணீருக்கு, படகைத் தள்ளுவது காற்றா எஞ்சினா என்று தெரியாது. பாயில் குறையாமல் எஞ்சினில் மட்டும் குறைகிறது என்றால் பழுது எஞ்சினிலிருந்து ப்ரொப்பெல்லர் வரைக்குள்தான். எஞ்சினைப் பார்த்தாகிவிட்டது. மிச்சம் ப்ரொப்பெல்லர்.

அதற்குமுன் வேகத்தைச் சரியாக அளக்கச் சொன்னேன். ஜி.பி.எஸ். காட்டுவது தரையைப் பொறுத்த வேகம், நீரோட்டமும் அதில் சேர்ந்துவிடும். ஒரே கோட்டில் போய்த் திரும்பி, இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். போகும்போது 2.0, வரும்போது 5.2, ஆக உண்மை வேகம் 3.6 நாட்.

மறு ஞாயிறு ஒருவரை மூச்சடக்கிக் கீழே இறங்கச் சொன்னார்கள். ப்ரொப்பெல்லரின் இதழ்களே தெரியவில்லையாம். வெள்ளை வெள்ளையாகக் கூம்புகள். ஆங்கிலத்தில் பார்னக்கிள், நம் கடற்கரை மீனவர்கள் கொட்டலசு என்பார்கள். இறால், நண்டு குடும்பம். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்துவிட்டு, இடம் பிடித்ததும் தலைகீழாகத் தன்னைச் சிமெண்டு போட்டு ஒட்டிக்கொள்ளும். பிறகு சாகும்வரை காலை ஆட்டித் தின்பதுதான் வேலை. டார்வின் இந்த ஜந்துவைப் பற்றி எட்டு வருஷம் ஆராய்ந்திருக்கிறார், 1846 முதல் 1854 வரை.

ப்ரொப்பெல்லர் இதழ் விமானத்தின் இறக்கை மாதிரி. வழவழப்பாக இருந்தால்தான் தண்ணீரைச் சரியாகப் பின்னால் தள்ளும். சொரசொரப்பானால் தள்ளுவது குறையும், சுழற்றுவதற்கான பளுவோ கூடும். எஞ்சினின் சக்தி தண்ணீரைக் கலக்குவதிலேயே போய்விடும்.

அடிப்பாகத்தில் ஏன் பிடிக்கவில்லை? அங்கே செம்பு கலந்த வண்ணம் பூசியிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை 1780-ஐ ஒட்டிய வருஷங்களில் தன் கப்பல்களுக்கெல்லாம் செப்புத் தகடு அடித்தது இதற்கும், மரத்தைத் துளைக்கும் புழுவுக்கும் பயந்துதான். ப்ரொப்பெல்லரும் வெண்கலம், அதாவது செம்புதானே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். உப்புத் தண்ணீரில் வெண்கலம் அரிக்காமலிருக்கத் தண்டில் ஒரு துத்தநாகத் துண்டு மாட்டுகிறார்கள். அது தான் கரைந்து வெண்கலத்தைக் காக்கிறது. செம்பு கரையவில்லை என்றால் விஷமும் இல்லை. கொட்டலசுக்கு அருமையான வாடகை வீடு! போதாததற்கு, பாய்மரப் படகில் ப்ரொப்பெல்லர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கிறது. ஓடுகிற இதழில் குஞ்சு ஒட்டுவது கஷ்டம், நிற்கிற இதழில் சுலபம்.

நம் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. கரைக்கு வந்ததும் மேலே இழுத்து, கட்டை அவிழ்த்து வெயிலில் காயப் போட்டுவிடுவார்கள்.

விஷத்தைக் கூட்டினால் தீராதா என்றால், அதையும் செய்து பார்த்தார்கள். வெள்ளீயம் கலந்த டி.பி.டி. என்ற வண்ணம் பிரமாதமாக வேலை செய்தது; பிரான்சில் ஆர்க்கஷான் விரிகுடாவில் வளர்த்த சிப்பிகளையும் சேர்த்துக் கெடுத்தது. 1982-ல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலக அளவிலான ஒப்பந்தம் 2001-ல் ஏற்பட்டு 2008-ல் அமலுக்கு வந்தது. கடல் இல்லாத ஊர் என்று அம்பர்நாத்தைச் சொன்னேனே, கப்பலின் அடியில் பூசும் வண்ணத்தையும் துருவையும் பற்றி ஆராயும் கடற்படைப் பொருள் ஆராய்ச்சிக்கூடம் இங்கேதான், ஷில்-பட்லாப்பூர் சாலையில் இருக்கிறது. அதன் மதில் ஓரமாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று இந்தப் படகு வந்த பிறகுதான் விசாரித்தேன்.

சுரண்டி எடுக்க முக்கால் மணி நேரம். அன்றே திரும்ப அளந்தார்கள்: போக 4.6, வர 7.0, ஆக 5.8 நாட். சுற்று பழையபடி 2800, புகை இல்லை. இதற்குமேல் எதிர்பார்க்கவும் கூடாது. இந்த மாதிரிப் படகுக்கு, நீரைத் தொடும் நீளத்தின் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வருவதுதான் ஏறக்குறைய எல்லை வேகம். இருபத்துநாலு அடிக்கு ஆறரை நாட். அதற்குமேல் எவ்வளவு பெரிய எஞ்சின் போட்டாலும் படகு தானே எழுப்பிய அலையில் ஏறமுடியாமல் நிற்கும். புது எஞ்சின் வாங்கியிருந்தால் அதே கொட்டலசைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் போய்ப் பத்து நிமிடம் கியரில் ஓட்டிவிட்டு வருகிறார்கள். மாதம் ஒருமுறை சுரண்டல். மெக்கானிக்கிடம் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை மாமா, நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டேன்" என்றான்.