கூறு மீனும் இத்தாலியக் கலவைப் பொரியலும்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பீட்மாண்ட் என்றொரு மாநிலம் உண்டு. அதன் பெயர்பெற்ற விருந்துப் பண்டம் ‘ஃப்ரித்தோ மிஸ்தோ’. ‘கலந்து பொரித்தது’ என்று பொருள், அவ்வளவுதான். ஈரல், மூளை, ஆட்டு விலா, சாசேஜ், கத்தரிக்காய், காலிஃபிளவர், காளான், ஆப்பிள், இனிப்பு ரவைத் துண்டு எல்லாம் பொரிந்து ஒன்றாகவே பந்திக்கு வரும். கறியோடு இனிப்பா என்று நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். பண்ணை வீடுகளில் கால்நடை அறுக்கும் நாளில், சீக்கிரம் கெட்டுப்போகும் உள்ளுறுப்புகளை அன்றைக்கே பொரித்துத் தின்ற வழக்கத்தில் பிறந்தது இது. கடலோர ஊர்களிலோ கணவாய், இறால், பொடி மீன் ஆகியவை சேர்ந்தால் அதுவே ஃப்ரித்தோ மிஸ்தோ.

இப்படி ஒன்று நம்மிடம் உண்டா? உண்டு, பெயர்தான் இல்லை.

நான் தடா பக்கத்துக்காரன். சென்னையிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர். 2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் மண். ஒரே சட்டி மீனை ஒரு வீட்டில் வறுவல் என்பார்கள், அடுத்த வீட்டில் வேபுடு என்பார்கள். கிழக்கே பழவேற்காடு ஏரி. இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான்.

ஏரிக்கரையில் பெரிய மீன் எடைக்குப் போகும். மிச்சமுள்ள பொடி மீனைக் கூறு கட்டி வைப்பார்கள். ஒரு கூறில் காரல் பத்து, கிழங்கான் நாலு, மடவைக் குஞ்சு, கைப்பிடி இறால் என்று கலந்து கிடக்கும். கலவையைத் தீர்மானிப்பது சமையற்காரர் அல்லர், ஏரிதான். மழைக்காலத்தில் காளங்கி, ஆரணி ஆறுகள் நன்னீர் கொண்டுவரும். முகத்துவாரம் வழியே கடல்நீரும் அதோடு இறால் குஞ்சும் உள்ளே வரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் அந்த வரத்து குறையும், கூறும் மாறிவிடும்.

செய்முறை எளிது. உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, மேலே கொஞ்சம் அரிசிமாவு தூவ வேண்டும். கோதுமை மாவில் உள்ள பசைப்புரதம் அரிசிமாவில் கிடையாது. அதனால் மேல்தோல் மொறுமொறு என்று நிற்கும். எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சட்டி நிறையப் போட்டால் சூடு இறங்கி மீன் எண்ணெயைக் குடித்துவிடும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டவும் கூடாது. முள்ளும் நொறுங்க வேண்டிய காரலுக்கு நேரம் அதிகம். இறாலுக்கு இரண்டு நிமிஷம் போதும், மீறினால் ரப்பர்தான். பீட்மாண்டுக்காரர்களும் வகைவகையாகப் பொரித்துத்தான் சூட்டோடு பரிமாறுகிறார்கள்.

வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவர்கள் ஏழைப் பண்டத்துக்குப் பெயர் வைத்து விருந்தில் ஏற்றினார்கள். நாம் ஊரை விட்டு வந்தபின் வஞ்சிரம், வவ்வால் என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். காரலும் கிழங்கானும் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத சொற்கள் ஆகிவிட்டன. பெயர் தெரியாத மீன் ஏரியில் குறைந்தால் யாருக்கு உறைக்கும்? அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசும்போது அம்மாவிடம் கேட்டு, ஒரு கூறில் இருந்த மீன்களின் பெயர்களை எழுதி வையுங்கள்.