புறக்கோட்டையில் ஓர் அல்லங்காடி

மதுரைக்காஞ்சி கூறும் நாளங்காடியையும் அல்லங்காடியையும் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்கு விரித்துரைத்து வருபவன் யான். கொழும்புக்குச் செல்லுந்தோறும் புறக்கோட்டையிற் பேருந்து மாறுவேன், நின்று பார்த்ததில்லை. "ஐயா அல்லங்காடியைக் கண்டதுண்டோ?" என மாணவனொருவன் வினவ, விடையின்றி நாணினேன். அந்நாணமே சென்ற மாதம் என்னை அங்கு நடக்கவைத்தது.

கோட்டைக்குப் புறம்பே அமைந்தமையாற் புறக்கோட்டை. சிங்களப் பெயராகிய 'பிட்டகொட்டுவ'வுக்கும் அதுவே பொருள். ஆங்கிலேயர் 'பெட்டா' என்றதோ நமது பேட்டையையே.

செட்டியார் தெருவிலே பொற்கடைகளுக்கிடையே கதிரேசன் கோயில்கள் விளங்குகின்றன. ஆடிவேல் விழாத் தேர் பம்பலப்பிட்டிக்குப் புறப்படுவது இங்கிருந்தே. இரண்டாங் குறுக்குத் தெருவிலே, செம்மையும் வெண்மையும் வரிவரியாய்ப் பொலியும் ஜாமி உல் அல்பார் பள்ளிவாசல் 1909இல் நிறைவெய்தியது. அப்பால் மேட்டிலே ஒல்லாந்தர் எழுப்பிய வுல்பெண்டால் தேவாலயம். 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

பொழுது சாய்ந்தது. கடைகள் அடைபட்டன, கைவண்டிகள் ஓய்ந்தன. இனி யாதுமில்லையெனத் திரும்புகையில், கொத்துரொட்டிக் கல்லிலே இரும்புத் தகடுகள் தாளமிடும் ஒலி கேட்டது. அவ்வொலியின் வழியே சென்றேன். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் யாவரும் ஒரே வாங்கில் அமர்ந்து உண்டனர். 1983 யூலையிலே தமிழர் கடைகள் பல எரியுண்ட தெருக்கள் இவை. அதனை மறவாமலே யானும் அவர்களிடையே அமர்ந்து, மரக்கறி ரொட்டியும் இஞ்சித் தேநீரும் உண்டேன். பக்கத்திலிருந்த முதியவர், இடம் போதுமோவென வினவி, சிறிது ஒதுங்கி அமர்ந்தார்.

ஊர் மீண்டபின் அம்மாணவனை அழைத்தேன். "கண்டேன் தம்பி, அடுத்த முறை நீயும் வா" என்றேன்.