முதல் மந்திரி ஓட்டுக் கேட்டு வந்த ஊர்

நமது சங்கங்களில் நிர்வாக சபைத் தேர்தல் வரும்போது, “என் ஒருவன் ஓட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று வீட்டிலேயே தங்கிவிடும் அங்கத்தினர்கள் சிலர் உண்டு. அன்னாரின் சிந்தனைக்காக, காமராஜ் அவர்கள் சட்டசபைக்கு நின்ற தேர்தல்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

விருதுநகரில் 1903-ஆம் ஆண்டு பிறந்த காமராஜ், 1937-ல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டசபைக்கு வந்தார். அக்காலத்தில் ஓட்டுரிமை எல்லோருக்கும் இல்லை. சொத்து, வரி, படிப்பு ஆகியவற்றைக் கொண்டே வாக்காளர் பட்டியல் தயாராயிற்று. ஆகவே, கூலிக்கு நெய்தோரிலும் பிறர் நிலத்தில் உழுதோரிலும் மிகப் பலருக்கு அதில் இடமில்லை. 1941-ல் காமராஜ் சிறையிலிருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரை நகரசபைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். முழுமையாகக் கவனிக்க இயலாத பதவியை வகிப்பது முறையன்று என்று கருதி, விடுதலையானதும் அவர் அதனைத் துறந்தார். 1946-ல் மீண்டும் சட்டசபை அங்கத்தினரானார். வயது வந்தோர் யாவருக்கும் ஓட்டுரிமை அளித்த முதல் பொதுத் தேர்தலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோக் சபைக்குச் சென்றார்.

1954-ஆம் ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜ் முதல் மந்திரியானார். ஆனால் அப்பொழுது அவர் சென்னைச் சட்டமன்றத்தின் எந்தச் சபையிலும் அங்கத்தினர் அல்லர். அத்தகைய மந்திரி ஆறு மாதத்திற்குள் ஒரு சபையில் இடம் பெறவேண்டும். இல்லையேல் பதவி போய்விடும் என்பது நமது அரசியல் சட்டத்தின் விதி.

இதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று, மக்கள் நேராக ஓட்டளிக்கும் சட்டசபை. மற்றொன்று, நியமனத்தாலும் நுழையக்கூடிய மேல்சபை. 1952-ல் ராஜாஜி கவர்னரின் நியமனம் பெற்று மேல்சபை வழியாகவே முதல் மந்திரியானார். 1967-ல் அண்ணாதுரை அவர்களும் மேல்சபை அங்கத்தினராகவே அப்பதவியை வகித்தார். இரண்டும் சட்டத்திற்கு உட்பட்டவையே. எனினும் காமராஜ் வாக்காளரின் வாசலையே நாடினார். (1986-ல் மேல்சபை கலைக்கப்பட்டபின் தமிழ்நாட்டில் அந்த இரண்டாவது வாசல் இல்லை.)

அவர் நின்ற இடம் குடியாத்தம். அது அவருடைய சொந்த ஊருமன்று, சொந்த ஜில்லாவுமன்று. அன்றைய வட ஆற்காடு ஜில்லாவில், கைத்தறியால் பெயர் பெற்ற ஊர். எதிர்த்து நின்றவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வி. கே. கோதண்டராமன். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் காங்கிரஸ் முதல் மந்திரிக்கு ஆதரவளித்தது அத்தேர்தலின் புதுமை. தறிக்குழியில் அமர்ந்து நெய்பவர் ஓட்டும், தனவந்தர் ஓட்டும் அங்கே ஒரே மதிப்புடையவை. அந்த ஓட்டுகளைப் பெற்று காமராஜ் வெற்றியடைந்தார். பின்னர் 1957-லும் 1962-லும் சாத்தூரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்பதரை ஆண்டுகள் அரசாங்கத்தை நடத்தி, 1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி விலகினார்.

கொடுத்த கையே மறுக்கவும் வல்லது. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவராயிருந்த தி.மு.க.வின் பெ. சீனிவாசனிடம் காமராஜ் தோற்றார். வித்தியாசம் 1,285 ஓட்டுகள். அவருக்கு எதிராக ஓட்டளித்தவர்களில் 643 பேர் மாற்றி அளித்திருந்தால் முடிவே மாறியிருக்கும்! அத்தோல்விக்குப் பின்னும் அவர் வாக்காளரிடமே திரும்பிச் சென்றார். 1969-ல் நாகர்கோயில் இடைத்தேர்தலில் வென்று லோக் சபையில் அமர்ந்தார். 1971-லும் அத்தொகுதியிலேயே வென்று, 1975-ல் மறையும் வரை அதன் பிரதிநிதியாக விளங்கினார்.

அன்பர்களே! ஒரு ராஜ்யத்தின் முதல் மந்திரியே ஆறு மாதத்திற்குள் மக்களின் சம்மதத்தைப் பெறவேண்டியிருந்தது. நூல் வாங்குவதையும், கடன் வழங்குவதையும், விளைபொருளை விற்பதையும் முடிவு செய்யும் நமது நிர்வாகிகளுக்கும் அதிகாரம் நம் ஓட்டிலிருந்தே பிறக்கிறது. 643 பேர் ஒரு பெருந்தலைவரின் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கக்கூடுமானால், சில நூறு பேரே உள்ள நமது சங்கத்தில் ஒருவர் வராமலிருப்பது சிறு குறையாகுமா? தேர்தல் நாளில் வருவோம், தக்காரைத் தேர்வோம், பொதுக்குழுவில் கணக்கும் கேட்போம்.