ஒரே உத்தரவில் உரத்துக்குத் தடை: இலங்கை விவசாயிகள் பட்ட பாடு

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் ரசாயன உரமிடாத அரிசி, காய்கறிகளுக்கென்றே தனிக் கடைகள் நடந்து வருகின்றன. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய அரிசிகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் குடும்பங்கள் அங்கு உண்டு. இதைக் கேள்விப்படும் சிறு விவசாயிக்கு, "நாமும் உரத்தை நிறுத்திவிட்டால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே.

ஒரு விவசாயி தன் நிலத்தை அறிந்து, தானே எடுக்கும் முடிவு இது. இதையே ஒரு நாடு முழுவதற்கும் ஒரு ஜனாதிபதி உத்தரவாகப் போட்டால் என்ன ஆகும்? 2021-ம் ஆண்டில் இலங்கையில் அதுதான் நடந்தது.

உத்தரவு பிறந்த விதம்

2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்சே இலங்கையின் ஜனாதிபதியானார். பத்து ஆண்டுகளில் விவசாயத்தை இயற்கை உரத்துக்கு மாற்றுவது அவரது தேர்தல் வாக்குறுதிகளில் ஒன்று. 2020 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 20-வது திருத்தம் நிறைவேறி, ஜனாதிபதியின் அதிகாரங்கள் பெருகின.

2021 ஏப்ரலில், ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இனி இறக்குமதியாகாது என்று ஜனாதிபதி அறிவித்தார். மே 6-ந் தேதி அது சிறப்பு அரசிதழில் வெளியாயிற்று. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் விதி ஒன்றை வெளியிட்டதே போதுமானதாக இருந்தது. அப்போது நிதித் துறையையும் கவனித்து வந்த பிரதமர் மகிந்த ராஜபக்சே, ஜனாதிபதியின் அண்ணன். பத்து ஆண்டு வேலை, ஒரு போகம் முடிவதற்குள் செய்ய வேண்டியதாக மாறிவிட்டது.

ரசாயன உரத்தால் மண்ணும் தண்ணீரும் கெடுகின்றன, அனுராதபுரம் முதலிய நெல் விளையும் பகுதிகளில் சிறுநீரக நோய் பரவுகிறது என்பன அரசு சொன்ன காரணங்கள். மற்றொரு காரணமும் இருந்தது. உர இறக்குமதிக்கு 2020-ல் மட்டும் சுமார் 26 கோடி டாலர் செலவாகியிருந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானம் நின்று, அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்த நேரம் அது.

விவசாயிகள் கேட்டது அவகாசம்

இயற்கை உரத்தை இலங்கை விவசாயிகள் வெறுக்கவில்லை. 2021-ல் அங்கு நடந்த ஓர் ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகள் இந்த மாற்றத்தை ஆதரித்தனர். ஆனால் அவர்களில் பெரும்பாலோர், மாறுவதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் வேண்டும் என்றனர். நெல் விவசாயிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ரசாயன உரத்தையே நம்பியிருந்தனர். மகசூல் பெரிதும் விழும் என்று வேளாண் விஞ்ஞானிகளும் பொருளாதார அறிஞர்களும் முன்னதாகவே எச்சரித்தார்கள். உத்தரவு மாறவில்லை.

எருக் கணக்கு

இதில் உள்ள சிக்கலை எந்த விவசாயியும் விரல் விட்டுக் கணக்கிடலாம். ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சுமார் 50 கிலோ தழைச்சத்து வேண்டும் என்று கொள்வோம். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஆகவே இரண்டரை மூட்டை போதும்.

நன்கு மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவே தழைச்சத்து உண்டு. அதே 50 கிலோவுக்கு 10 டன் எரு தேவை. ஒரு வண்டிக்கு அரை டன் என்று வைத்தால் 20 வண்டி. அந்தச் சத்தும் முதல் போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது. பாதிக்குக் குறைவாகவே கிடைக்கும். மீதி அடுத்தடுத்த பயிர்களுக்குத்தான் உதவும். முதல் போகத்துத் தேவையை எரு ஒன்றைக் கொண்டே ஈடுகட்ட வேண்டுமானால், ஏக்கருக்கு 40 வண்டிக்கு மேல் அடிக்க வேண்டும்.

இத்தனை எருவுக்கு மாடு எங்கே? வண்டிக் கூலி யார் கொடுப்பது? லட்சக்கணக்கான ஏக்கருக்கு ஐந்து மாதத்தில் எருவைத் தயாரிக்க எந்த உத்தரவாலும் முடியாது. இறக்குமதியைத் தடுக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கு இருந்தது. எருவை மக்கச் செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை.

விளைவுகள்

பற்றாக்குறையைச் சமாளிக்கச் சீனாவிலிருந்து இயற்கை உரம் வாங்க ஒப்பந்தமாயிற்று. கப்பலில் வந்த 20,000 டன் உரத்தின் மாதிரியில் தீங்கு செய்யும் பாக்டீரியா இருப்பதாக இலங்கைப் பயிர்த் தடுப்புக் காப்பு அதிகாரிகள் கூறி, அதை இறக்க மறுத்தனர். வழக்கு, தகராறு என்று நீண்டு, இறக்காத உரத்துக்கும் சுமார் 70 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. இந்தியாவிலிருந்து நானோ யூரியா விமானத்தில் அனுப்பப்பட்டது. அதுவும் போதவில்லை.

பெரும்போக நடவு நடந்த மாதங்களில் விவசாயிகள் வீதிக்கு வந்தனர். 2021 நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் பயிருக்கு உரமிடும் பருவம் கடந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் உரவிலையும் ஏறிவிட்டது. முன்பு மானியத்தில் கிடைத்த மூட்டைக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

2021-ல் சுமார் 51 லட்சம் டன்னாக இருந்த நெல் உற்பத்தி, 2022-ல் சுமார் 34 லட்சம் டன்னாகக் குறைந்தது. மலையகத் தமிழர்கள் கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டங்களிலும் அடி விழுந்தது. சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022-ல் சுமார் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. தேயிலைதான் அந்நாட்டுக்கு டாலர் தேடித் தரும் முக்கியப் பயிர். டாலரை மிச்சப்படுத்தப் போட்ட உத்தரவு டாலர் வரவையே குறைத்தது. அரிசி வாங்கவும் டாலர் செலவாயிற்று. நெல் விவசாயிகளுக்கு நஷ்ட ஈடாகச் சுமார் 4,000 கோடி இலங்கை ரூபாயை அரசு அறிவிக்க நேர்ந்தது.

2022 மே 18-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசின் உதவியாக 9,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்துகளும் இலங்கைக்குக் கப்பலில் புறப்பட்டன. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த நாட்டுக்கு இந்த நிலை வந்தது. இந்தியக் கடனுதவியில் 65,000 டன் யூரியாவும் போய்ச் சேர்ந்தது. 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்சே நாட்டை விட்டு வெளியேறி, பதவி விலகினார்.

இலங்கையின் வீழ்ச்சிக்கு உரத் தடை ஒன்றே காரணம் என்று சொல்வது சரியாகாது. 2019-ல் செய்த வரிக் குறைப்பு, பழைய கடன், கொரோனா ஆகியவையும் சேர்ந்தே நாட்டை முடக்கின. ஆனால் வயலில் விளைச்சலைக் குறைத்ததில் அந்த உத்தரவுக்குப் பெரும் பங்கு உண்டு.

நம் நாட்டிலும் அவசரம்

அவசர உத்தரவு நமக்கும் புதிதல்ல. நாடாளுமன்றம் கூடாத காலத்தில் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஜனாதிபதி அவசரச் சட்டம் பிறப்பிக்க நம் அரசியல் சட்டத்தின் 123-வது பிரிவு இடம் தருகிறது. 2020 ஜூன் 5-ந் தேதி விளைபொருள் வியாபாரம், ஒப்பந்தச் சாகுபடி, அத்தியாவசியப் பொருள் இருப்பு பற்றிய மூன்று அவசரச் சட்டங்கள் அப்படித்தான் வந்தன. செப்டம்பரில் அவை நாடாளுமன்றத்தில் சட்டமாயின. டெல்லி எல்லையில் விவசாயிகள் ஓராண்டு போராடிய பிறகு, 2021 நவம்பர் 29-ந் தேதி அவற்றை ரத்து செய்யும் மசோதா நிறைவேறியது. இலங்கையில் உரத் தடை விலகியதும் அதே மாதத்தில்தான். இரண்டு இடத்திலும் விவசாயியைக் கலந்து பேசும் வேலை கடைசிக்குத் தள்ளப்பட்டது.

படிப்படியாக மாறும் வழி

இயற்கை வழி தவறு என்பது இதன் பொருளல்ல. அடையாறை அடுத்த தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவிய டாக்டர் எம்.எஸ்.சுவாமிநாதன், பசுமைப் புரட்சி தொடங்கிய காலத்தில், 1968-லேயே, மண் வளத்தைக் காக்காத தீவிரச் சாகுபடி ஆபத்து என்று எச்சரித்தவர். மாற்றம் தேவைதான், அதற்குக் காலமும் தேவை. இயற்கை விளைபொருளுக்குச் சான்று வழங்கும் விதிகளே, பொதுவாக ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டும் மாற்றக் காலம் என்கின்றன.

மாற விரும்பும் சிறு விவசாயி முதலில் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நிலம் முழுவதையும் ஒரே போகத்தில் மாற்றாமல், கால் பங்கில் தொடங்க வேண்டும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, சுமார் 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், 25 முதல் 30 கிலோ தழைச்சத்து சேரும். அதாவது நெல்லின் தேவையில் பாதி. அத்துடன் ஏக்கருக்கு 5 டன் தொழு உரமும் அசோஸ்பைரில்லமும் இட்டு, போகத்துக்குப் போகம் யூரியாவைக் குறைத்து வரலாம். ஒவ்வொரு போகத்திலும் செலவையும் மகசூலையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவரையும் முன்கூட்டியே தேடிக்கொள்வது அவசியம். மாற்றக் காலத்தில் மகசூல் குறையும். கூடுதல் விலையும் உடனே கிடைக்காது. அந்த இடைவெளியைத் தாங்கக் கையில் பணமோ, வேறு வருமானமோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கால் பங்கைத் தொட வேண்டும்.