டிரம்பெட் வாசிப்பும் மூச்சுக் கட்டுப்பாடும்

பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் கடலோரத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. எனினும், அங்கு டிரம்பெட் பயில்வோர் கடினமான பயிற்சிப் பாடங்களில் திணறுவதற்கு அது காரணமன்று. மூச்சைச் செலவிடும் முறையே காரணமாகும்.

நிறைய மூச்சிழுத்தவுடன், விரிந்த நுரையீரலும் மார்புக்கூடும் தாமாகவே சுருங்க முயன்று காற்றைத் தள்ளுகின்றன. காற்று குறையக் குறைய, வயிற்றுத் தசைகள் மிகுதியாக உழைத்தல் வேண்டும். உச்ச சுரங்களுக்குக் காற்றின் அளவைவிட அழுத்தமே முக்கியம். ஆனால் தொண்டையை இறுக்கி ஊதினால் மார்பினுள் அழுத்தம் ஏறி, இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, மயக்கமும் வரலாம்.

ஆகவே, காற்று தீருமுன் மூச்செடுக்கத்தக்க இடங்களை ஆசிரியர்கள் முன்னதாகவே பாடத்தில் குறிக்கச் செய்தல் நலம். மாணவருக்குத் தலை சுற்றினால் வாசிப்பை உடனே நிறுத்தி ஓய்வளித்தல் வேண்டும்.