செம்மண் மேட்டைச் செதுக்கிய மழை

கடலூர் மாவட்டம் என்றால் கடற்கரை, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு, நெய்வேலிச் சுரங்கம், பண்ருட்டிப் பலா என்று ஒரு பட்டியல் வரும். செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே நடந்துபோகும் பள்ளத்தாக்குக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் கடலூரை ஒட்டிய கேப்பர் மலையில் தொடங்கி பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் வரை விரியும் செம்மண் மேட்டில், மழைநீர் அறுத்த ஓடைகள் பல உண்டு. சிவந்த சுவர், கூரான முகடு, அடியில் காய்ந்த மணல் தடம். படத்தில் மட்டும் பார்ப்பவர் இதைப் பாலைவனம் என்றே சொல்வார். உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம் இது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தச் சுவர்களைச் செதுக்கியது அந்த மழைதான். அதனால்தான் மழை அறுத்த வெட்டு இன்னும் புதிதாக இருக்கும் மாசி, பங்குனிக் காலையில் இங்கே நடப்பது, நிலவியல் நூலொன்றைத் திறந்து வைத்துப் படிப்பதற்குச் சமம் என்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து கிளம்பினால் வேறுபாடு துலக்கமாகத் தெரியும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட அந்த ஊர் முழுக்க ஆற்று வண்டலின் மேல் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பாறையே கிடையாது. நடராசர் கோயிலின் கருங்கல் அத்தனையும் வெளியிலிருந்து வந்ததுதான். வெள்ளாற்றைத் தாண்டி புவனகிரி, குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர் பக்கம் போகப் போக, கரிய வயல் மண் மறைந்து, முந்திரித் தோப்புகள் நிற்கும் செம்மண் எழும்புகிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்டிருக்கும் பாறையடுக்கின் மேற்பரப்பு அது. மயோசீன் காலத்தை ஒட்டி ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலும் களியும் கூழாங்கல்லும் இறுகி உண்டானது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இந்தத் தொகுதிக்குள்தான் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், இதே மணற்கல்லில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைமையான கல்மரங்கள் உள்ளன. அவை கிளையும் வேரும் இல்லாமல் படுத்த வாக்கில் கிடப்பதால், வேறெங்கோ வளர்ந்து வெள்ளத்தில் உருண்டு வந்து புதைந்தவை என்று கணிக்கிறார்கள். இந்த நிலத்தை முதலில் குவித்ததும் வெள்ளம்தான்.

குவித்ததை நீரே எப்படி அறுக்கிறது? மேட்டின் மேலே இரும்புச் சத்து இறுகிய செம்பூராங்கல் கெட்டியான மூடியாக இருக்கிறது. அதன் கீழே உள்ள மணற்கல்லோ நகத்தால் சுரண்டினாலே உதிரும் அளவுக்கு மென்மையானது. மூடியில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கே நீர் இறங்குகிறது. கீழ்ப்பகுதி கரைந்து குடைபட, தாங்கல் இழந்த மூடி பிளந்து விழுகிறது. சுவர் சரிவாகாமல் செங்குத்தாக நிற்பது இதனால்தான். ஓடையின் தலைமாடு ஒவ்வொரு பெருமழைக்கும் பின்னோக்கி நகர்கிறது. இந்த வேலை நிதானமாக, நாள்தோறும் நடப்பதன்று. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது, மேட்டிலிருந்து இறங்கிய காட்டாற்று வெள்ளம் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடை ஒரே இரவில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வறண்ட நிலத்துப் பள்ளத்தாக்கை வெள்ளத்தின் கைவேலை என்று சொன்னதற்காக ஒரு விஞ்ஞானி பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருக்கிறார். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கிழக்குப் பகுதியில், எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையில் பெரும் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. வசந்தத்தில் மக்கள் நடைபோகும் அந்த நிலத்தில் இன்று மழை மிகக் குறைவு. அவற்றை வெட்டியது திடீர்ப் பெருவெள்ளமே என்று ஜே ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதினார். பள்ளத்தாக்கு என்றால் மெல்ல மெல்லத்தான் உருவாக வேண்டும் என்று நம்பியிருந்த சக நிலவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. பனியுகத்தில் பனி அணை உடைந்து வெளியேறிய மிசோலா ஏரியின் நீரே காரணம் என்பது பிறகு நிலைநாட்டப்பட்டது. 1979-இல் அவருக்குப் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தது. அங்கே சுமார் 120 மீட்டர் உயரமுள்ள ‘உலர் அருவி’ என்ற பாறை விளிம்பும், அடி குடைபட்டு மேல் இடிந்து பின்னோக்கி நகர்ந்தே உருவானது. பாறை வேறு, அளவு வேறு, விதி ஒன்று.

அந்த அளவு வேறுபாட்டையே சிலர் ஆட்சேபமாகச் சொல்வார்கள்: ஆளுயரமும் பனையுயரமும் உள்ள ஓடையைப் போய்ப் பள்ளத்தாக்கு என்பதா? பார்வைக்கு விருந்து தேடுவோருக்கு அந்தக் கேள்வி சரி. காரணம் தேடுவோருக்குச் சிறியதே வசதி. மூடி, குடைவு, சரிவு மூன்றையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். இன்னொரு ஆட்சேபம் வலுவானது. இவை இயற்கையின் அழகல்ல, காடழிந்த நிலத்தின் காயம். காயத்தை வேடிக்கை பார்க்கலாமா என்பது அது. அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில் 1968-இல் தொடங்கியபோது அது அமைந்த மேடும் மரமின்றி, ஓடைகள் அறுத்த செம்மண் பொட்டலாக இருந்தது. வரப்புப் போட்டு, தடுப்பணை கட்டி, மரம் நட்ட பிறகு அங்கே காடு வந்தது, மண் நின்றது. இது என் வாதத்தை மறுக்கவில்லை, உறுதி செய்கிறது. மழை குறையாமலே அரிப்பு குறைந்தது என்றால், அறுப்பது மழை, அறுக்க இடம் கொடுப்பது போர்வையற்ற மண் என்றாகிறது.

அப்படியானால் எல்லா ஓடைகளையும் தூர்த்து மரம் நட்டுவிடலாமே என்றால், அதுவும் பாதித் தீர்வுதான். விளைநிலத்தை நோக்கி நகரும் ஓடைத் தலைகளைக் கல்லணையும் வேரும் கொண்டு நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் நீர் நின்று மண்ணுக்குள் இறங்கும். இந்த மணற்கல் மாவட்டத்தின் முக்கியமான நிலத்தடி நீர்த் தொட்டி என்பதால் அந்த நீர் வீண்போகாது. ஆனால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும், நகர்வு நின்றுபோன சில சுவர்களையாவது மண் அள்ளுவோரிடமிருந்தும் குப்பையிலிருந்தும் காப்பாற்றி வைக்க வேண்டும். நடப்பவர்களாலும் கெடுதல் உண்டு. சரிவில் விழும் ஒற்றையடிப் பாதையே அடுத்த மழைக்கு ஓடையாகும். எனவே முகட்டில் ஏறாமல் ஓடையின் அடித்தடத்தில், அதுவும் மழையில்லாத நாளில், வெயில் ஏறுமுன் நடக்க வழி குறித்துத் தர வேண்டும். திருவக்கரைக் கல்மரங்களுக்குத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற தகுதி ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அதே பாறையின் மற்ற பக்கங்களுக்கு அவ்வளவு பெரிய பட்டம்கூட வேண்டாம். ஒரு விளக்கப் பலகையும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போக ஓர் ஆசிரியரும் போதும். மாசியில் இந்தச் சுவரைப் படித்த பிள்ளை, அடுத்த ஐப்பசியில் வெள்ள எச்சரிக்கை வரும்போது ஓடைக்கரையில் வீடு கட்டக் கூடாது என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளும்.