யுனிக்ஸ் ஷெல்களும் பாசிக்ஸ் தரநிலையும்

ஷெல் என்பது பயனர் இடும் கட்டளைகளைப் படித்து, யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில் அவற்றை நிறைவேற்றும் நிரலாகும். போர்ன் ஷெல் 1979 இல் யுனிக்சின் ஏழாம் பதிப்புடன் வெளியானது. பின்னர் கார்ன் ஷெல், பாஷ், இசட்-ஷெல், டாஷ் முதலியன தோன்றின. இவற்றுக்கான பொது இலக்கணத்தைப் பாசிக்ஸ் தரநிலை 1992 இல் வரையறுத்தது. எனினும் எல்லா ஷெல்களும் அதனை ஒரே அளவில் பின்பற்றுவதில்லை.

தமிழ் உரையைக் கையாளும்போது இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். 'பழவேற்காடு' என்னும் ஏரியின் பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் இதில் 6 எழுத்துகள் உள்ளன. யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அவை 10 ஆகின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள், ஆக மொத்தம் 30 பைட்டுகள். ஒரு மாறியின் நீளத்தைப் பைட்டுகளில் அல்லாமல் குறியீடுகளில் எண்ண வேண்டும் என்பது பாசிக்ஸ் விதி. யூடிஎஃப்-8 மொழிச்சூழலில் பாஷ் 10 என விடை தரும். டாஷின் 0.5.12 பதிப்போ 30 என்கிறது. 20க்கு மேற்பட்ட நீளமுள்ள பெயர்களை மறுக்கும் ஸ்கிரிப்ட், பாஷில் இப்பெயரை ஏற்கும், டாஷில் தள்ளிவிடும். (தமிழர் எதிர்பார்க்கும் 6 என்ற விடையை இரண்டுமே தருவதில்லை.)

கண்டிப்பானது எனப் பெயர்பெற்ற டாஷே இங்கு வழுவுவது கவனிக்கத்தக்கது. பாஷ் கூடுதலாகச் சேர்த்துள்ள அணிகள், இரட்டைச் சதுர அடைப்புக்குறிச் சோதனை ஆகியவற்றை டாஷ் ஏற்பதில்லை. ஆகவே பாஷில் மட்டும் சோதிக்கப்பட்ட ஸ்கிரிப்ட் டாஷில் பிழை காட்டி நிற்கலாம். 2011 இல் வெளியான டெபியன் 6.0 முதல், டெபியனின் இயல்பான கணினி ஷெல் டாஷ் ஆகும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் டெபியன் வழிவந்ததே.

பிழைச்செய்தி இன்றித் தவறுவது இதனினும் தொல்லை தருவது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் பழவேற்காட்டு மீனவ ஊர்களின் பெயர்களை இடைவெளிவிட்டு ஒரே மாறியில் வைத்து, மேற்கோள்குறி இன்றி மடக்கில் இட்டால், பாசிக்ஸ் விதிப்படி மடக்கு மூன்று முறை சுழலும். இசட்-ஷெல் அதன் இயல்பான அமைப்பில் சொற்களைப் பிரிப்பதில்லை. மூன்று ஊர்களையும் ஒரே ஊராகக் கொண்டு ஒருமுறை மட்டும் சுழலும். ஆப்பிள் நிறுவனம் 2019 முதல் தன் கணினிகளின் புதிய பயனர் கணக்குகளுக்கு இசட்-ஷெல்லையே வழங்குவதால், லினக்சில் பழகியோர் இதில் எளிதில் தடுமாறுவர்.

2005 இல் தோன்றிய 'ஃபிஷ்' பாசிக்ஸ் இலக்கணத்தை வேண்டுமென்றே கைவிட்ட ஷெல் ஆகும்.